ரிலீவர் வரவில்லை

ஏப்ரல் 9, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. பண்ருட்டி பஸ் லேட். மேட்ரனிடம் வழக்கம்போல் பாட்டு.

உடற்பயிற்சிக்கு வந்தது இரண்டு பேர். முதியோர் இல்லத்தில் பயிற்சி கொடுக்கிறவள் என்று எனக்குப் பெயர், அவ்வளவுதான். கோவிந்தசாமி ஐயா மூன்று மாதமாகக் கட்டிலோடு சரி. கழிவறைக்கு மட்டும் எழுவார். "காலு செத்துப்போச்சும்மா, ஆள வுடு."

ஒரு யோசனை. ஆண்கள் எல்லாரும் நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்தவர்கள். நடை என்றால் கசக்கும். டியூட்டி என்றால்? நோட்டில் எட்டுப் பேர் போட்டேன். கேட்டுக்கும் பம்பு ரூமுக்கும் இடையே நடக்க வேண்டும். ஆளுக்குக் கால் மணி. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் வந்து மாற்றிவிடுவார், மைன்ஸில் ஷிப்டு மாற்ற வரும் ரிலீவர் மாதிரி.

ஏப்ரல் 20, சனி

எட்டுப் பேரும் வருகிறார்கள்! கோவிந்தசாமி ஐயா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். இரண்டு நாளாகப் பிடி இல்லாமல் நடை. அவருக்கு அடுத்த ஆள் தாஸ் ஐயா. இரண்டு நிமிடம் தாமதமாக வந்ததற்குச் சண்டை. "சர்வீஸ்லயும் நீ இப்டித்தான்யா!"

சிரித்தேன். கூடவே பயம். யாராவது விழுந்தால்?

வாங்க: குளுக்கோஸ், கிரேப் பேண்டேஜ்.

ஏப்ரல் 25, வியாழன்

 

காலையில் தாஸ் ஐயாவுக்கு வயிற்றுப்போக்கு. நோட்டில் அவர் பெயரை அடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. படுக்கையில் இருக்கும் ஓர் அம்மாவுக்குப் புண் கட்டப் போய்விட்டேன்.

ஒன்பதரைக்கு வெளியே வந்தால் கேட்டில் கோவிந்தசாமி ஐயா. எட்டேகாலுக்கு உள்ளே வந்திருக்க வேண்டியவர். மற்றவர்கள் தங்கள் முறை வரட்டும் என்று உள்ளேயே காத்திருந்திருக்கிறார்கள். கம்பியைப் பிடித்தபடி, சட்டை தொப்பலாக, உதடு வெளுத்து.

"உள்ள வாங்க ஐயா!"

"ரிலீவர் வரலியே. நின்னுகினு இருக்கேன். எடத்த வுட்டுட்டு எப்டிம்மா வர்றது?"

அப்படியே அவருக்கு முழங்கால் மடங்கியது. தலையை மட்டும் பிடிக்க முடிந்தது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம்.

என் அப்பாவும் மைன்ஸ்தான். ரிலீவர் வராத நாளில் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருவார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஏப்ரல் 26, வெள்ளி

எலும்பு முறிவு இல்லை. உடம்பில் நீர் வற்றிவிட்டது, உப்பு குறைந்துவிட்டது. அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. இரண்டு நாள் போகட்டும் என்கிறார் டாக்டர்.

விழுப்புரத்திலிருந்து அவர் மகன் வந்தார். "வெயில்ல யாருங்க அனுப்புனது?"

மேட்ரன் சட்டென்று, "யாரும் அனுப்பலைங்க. அவரே போயிட்டாரு."

நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட அவர் போய்விடுவாரோ என்ற பயம்.

ஏப்ரல் 27, சனி

வியாழனிலிருந்தே மேட்ரன் உத்தரவு: யாரும் நடக்கக் கூடாது. எல்லாரும் கட்டிலில். இரண்டே நாளில் ஒருவருக்கு எழும்போது தள்ளாட்டம். நடந்தாலும் பயம், படுத்தாலும் பயம்.

தாஸ் ஐயா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. வயிறு சரியாகிவிட்டது, ஆனாலும் கஞ்சியைத் தள்ளிவிட்டார். "என் ஆள நான் ரிலீவ் பண்ணல. கொன்னுட்டேன்."

காலடியில் உட்கார்ந்து சொன்னேன். "உங்க பேர அடிச்சது நான். அவர்கிட்ட சொல்லாம விட்டதும் நான். உங்க மேல தப்பே இல்ல ஐயா."

அவர், "அவன் மகன்கிட்ட சொன்னியாம்மா?"

ஏப்ரல் 28, ஞாயிறு

விடுமுறை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் மகனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மேட்ரன் சொன்னது பொய் என்பதையும்.

அடிப்பார் என்றே நினைத்தேன். சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பொங்கலுக்கு வந்தப்ப எழுந்து நிக்கவே ஆள் வேணும்ங்க அவருக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னாரா?"

"ஆமாங்க."

"சொந்தக் கால்லயா?"

"கம்பியப் பிடிச்சுக்கிட்டு."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலைல கண்ணு முழிச்சிட்டாரு. பேரு சொல்லிக் கூப்புட்டாரு. திரும்பி வந்தா மறுபடி நடக்க வைப்பீங்களா?"

"பயமா இருக்குங்க" என்றேன்.

"எனக்கும்தான். வைப்பீங்களா?"