பக்கத்தில் யார் இருந்தார்கள்?

மஞ்சள் வாடை அடிக்கிறது. நாமகிரிப்பேட்டையில் என் மாணவி ஒருத்தி வீடு வீடாகப் போய் நிரப்பி வந்த கேள்வித்தாள் கட்டு மேசையில் கிடக்கிறது. மஞ்சள் வேகவைக்கிற களத்திலேயே வைத்து எழுதினாளோ என்னவோ. அத்தனை பெண்களும் மனநிறைவோடு இருக்கிறார்களாம். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாவதற்கு முன் போனில் நீ சொன்ன "நல்லா இருக்கேன்" மேலேயே எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

திருச்செங்கோட்டில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஆய்வு ஞாபகம் வருகிறது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வடக்கே போய்விடுகிறவர்களின் மனைவிமாருக்குத் தனிமை எப்படி இருக்கிறது என்று கேட்கப் போனோம். போன வீட்டிலெல்லாம் "ஒரு கொறையுமில்லீங்க" என்றே பதில். நான் சந்தோஷமாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். நீ பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

"மாமியாக்காரி காப்பியக் குடுத்துப்போட்டு அங்கயே உக்காந்துக்கறா. அவ முன்னால எவ வாயத் தொறப்பா? நாம கேட்டது மருமகள இல்லடி, மாமியாள" என்றாய்.

மறுநாள் என்னை ஒரு மாமியாரோடு கட்டுத்தரைக்கு அனுப்பினாய். எருமையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அரைமணி நேரம் கறவை விசாரித்தேன். திரும்பி வந்தால் மருமகள் துவைக்கிற கல்லருகே அழுதுகொண்டிருந்தாள். "போன் அடிச்சாலே எடுக்கப் பயமா இருக்குதுங்க, என்ன சேதியோன்னு" என்றாளாம். பழைய தாள்களை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். அப்போதும் உனக்குத் திருப்தி இல்லை. "அழுவறதெல்லாம் நெசம்னு எழுதிக்காத. நாம எதுக்கு வந்திருக்கறோம்னு அவளுக்குத் தெரியுமல்லோ" என்றாய். பாவி, கண்ணீரைக்கூட நம்பாதவள் நீ.

அப்படிப்பட்டவளை நான் வாராவாரம் போனில் என்ன கேட்டேன்? "நல்லாத்தானடி இருக்கற?" பதிலையும் நானே ஊட்டிவிட்ட கேள்வி. "ஆமாண்டி" என்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பாய்; உன் மகன் பேசுவது பின்னால் கேட்கும். உனக்கு நோய் தெரிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது என்று சாவு வீட்டில்தான் உன் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கே கடைசி மாதம்தான் தெரிய வந்ததாம். அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

நாளைக்கு இந்தக் கட்டை அந்த மாணவியிடமே கொடுத்து, பேட்டியின்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு தாளிலும் எழுதி வா என்று திரும்ப அனுப்புவேன். முகம் சுளிப்பாள்.

தனியாகக் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயா? நீயாக இருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பாய்; நானும் சந்தேகப்படுகிறேன். ஆனாலும் இப்போது நான் யாரையும் நல்லா இருக்கியா என்று கேட்பதில்லை. நேற்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்கிறேன். பக்கத்தில் ஆள் இருந்தால் வெளியே வந்து பேசு என்கிறேன். என் தங்கைக்கு எரிச்சலாக இருக்கிறது. இருக்கட்டும். உன்னிடம் ஒரு தடவைகூட அப்படிக் கேட்காமல் விட்டவள் நான்.