உள்ளங்கையில் எழுதிய எண்

அன்புத் தோழி,

என் இடது உள்ளங்கையில் நீல மையில் "1" என்று எழுதியிருக்கிறது. நேற்று மாலை மூன்றரை மணிக்கு நானே எழுதியது. வியர்வையில் பாதி கலைந்துவிட்டது. சாப்பிட்டபின் வலது கையை மட்டும் கழுவினேன். காலையில் குளிக்கும்போதும் இடது கையை மடக்கி வைத்துக்கொண்டேன். கையை மூக்கருகே கொண்டுபோனால் குளோரின் வாடை வருகிறது. இந்த வாடையோடு உன்னைத் தவிர வேறு யாரையும் நான் நினைத்ததில்லை.

நீ இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. உன் மகன் போனில் சொன்னபோது "சரி தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேச எனக்கு வார்த்தை இல்லை என்று அவன் நினைத்திருப்பான். பேசவேண்டியது ஒன்று இருந்தது. அதை அவனிடம் சொல்லமுடியாது.

உனக்கு நினைவிருக்கும், கான்வென்ட்டில் தினமும் காலையில் வரிசையாக நிற்கவைத்து, "கையைக் காட்டுங்கள்" என்பார்கள். பெரிய சிஸ்டர் மர ஸ்கேலோடு வருவார். என் கை எப்போதும் சுத்தமாக இருக்கும். உன் கையில் எப்போதும் மை. இரவு படித்த சமன்பாட்டை எல்லாம் உள்ளங்கையில் எழுதி வைத்திருப்பாய். அடி வாங்கிவிட்டு வந்து என்னிடம், "ஏட்டி, மகாராணி கை வெள்ளையா இருக்கு. மூளையும் அப்படித்தானா?" என்று சிரிப்பாய். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் அப்படி "ஏட்டி" போட்டுப் பேசுவது எல்லாருக்கும் "ங்க" போட்டுப் பேசிப் பழகிய சேவூர்க்காரியான எனக்கு முதலில் மரியாதைக் குறைவாகப் பட்டது. பிறகு அது இல்லாமல் விடுமுறை கழியவில்லை.

கல்லூரியிலும் இருவரும் வேதியியல்தான் எடுத்தோம். நான் இரண்டாம் வருடத்தில் கல்யாணமாகிப் போனேன். நீ முடித்தாய். என் கணவர் இறந்தபின் அவருடைய பிளீச்சிங் பட்டறையை நடத்த ஆள் இல்லாமல் நின்றபோது, லேபுக்கு வரச்சொல்லி உனக்குத்தான் எழுதினேன். நீ வந்த முதல் வாரமே அந்த உள்ளங்கை வழக்கத்தைக் கொண்டுவந்தாய்.

பனியன் துணி வெளுத்த தொட்டியில் ஆள் இறங்கித்தான் துணியை வாரவேண்டும். வெறுங்கால். அலசிய தண்ணீரில் எவ்வளவு குளோரின் மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமல் ஒருவரையும் இறக்கக்கூடாது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து ஐந்து சொட்டு சோதனை மருந்து விட்டால் மஞ்சள் ஏறும். அதை எண் போட்ட நிற அட்டையோடு ஒப்பிடவேண்டும்; வெளிர் மஞ்சள் என்றால் ஒன்று, இறங்கலாம். மஞ்சள் கூடக்கூட எண்ணும் கூடும். நான் பார்த்து "ஒண்ணு" என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர்களும் "ஆமாங்க, ஒண்ணுதானுங்க" என்பார்கள். அதை நீ இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாய்.

"ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் பாத்தா அது ஒரு கண்ணுதான், ஏட்டி. தனித்தனியாப் பாப்போம். கையில எழுதுவோம். ஒண்ணாத் திறப்போம்."

அப்படித்தான் இரண்டு வருடம் செய்தோம். தொட்டியருகே இரண்டு பெண்கள் சிறுபிள்ளைகள் மாதிரிக் கையை மூடிக்கொண்டு நிற்பதும், ஒன்றாக விரிப்பதும் பட்டறையில் எல்லாருக்கும் வேடிக்கை. எண் ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு அலசல். அதில் பேச்சே இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு நீச்சல் குளம்.

என் மகன் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிறான். ஆடம்பரத்துக்கு இல்லை. பேத்திக்கு எட்டு வயது, மூச்சிரைப்பு. நீந்தினால் நல்லது என்று டாக்டர் சொன்னார். ஒன்பது டேங்கர் தண்ணீர் விட்டு நிரப்பினோம். குளம் கட்டியவர்கள் மருந்து டப்பாக்களையும் சோதனைப் பெட்டியையும் கொடுத்து, ஒருமுறை செய்துகாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். "வாரம் ஒரு ஆள் அனுப்பறோமுங்க" என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். குளோரினைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இந்த ஊரில் ஆள் இருக்கிறதா என்று ஒரு நினைப்பு.

முதல் நாள் குளோரின் விட்டதும் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. என் மகன் பயந்துபோனான். டேங்கர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று சொல்லி, இரண்டு நாள் ஃபில்டரை ஓடவிட்டுத் தெளியவைத்தேன். அடுத்தது பி.எச். புதுச் சிமெண்டில் இருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும், பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும். அது ஏறிக் கிடந்தால் குளோரின் போட்டும் பயன் இல்லை. பக்கெட் தண்ணீரில் ஆசிடைக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கினோம். அதுவரை தப்பு இல்லை. பி.எச். பார்க்க எண் காட்டும் கருவி இருந்தது. எண் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

குளோரினுக்கு அந்தப் பழைய மஞ்சள்தான். அதே குழாய், அதே ஐந்து சொட்டு.

ஐந்து நாள், காலையும் மாலையும் நானே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வெளிர் மஞ்சள்தான் தெரிந்தது. அரை அல்லது ஒன்று. வெயிலில் குளோரின் ஓடிவிடுகிறது என்று முடிவுகட்டி இன்னும் போடச்சொன்னேன். நான் சொல்லச்சொல்ல மருமகள் அளந்து ஊற்றினாள். பல்லடத்துக் கோழிப்பண்ணை வீட்டுப் பெண், அதிர்ந்து பேசத் தெரியாதவள். மூன்றாம் நாள், "வாடை கொஞ்சம் பலமா இருக்குதுங்களா அத்தை?" என்றாள்.

"வாடை அளவைச் சொல்லாது" என்றேன். அது சரியான பதில்தான். நீயும் அதையே சொல்லியிருப்பாய். ஆனால் நீ சொல்லிவிட்டு இன்னொருமுறை குழாயை எடுத்துப் பார்த்திருப்பாய்.

நேற்று பேத்தியின் பிறந்தநாள். பள்ளித் தோழிகள் ஆறு பேர் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. காலையில் மகன் கேட்டான்: "அம்மா, தண்ணி ஓகேவா?" "ஓகே" என்றேன். மூன்று மணிக்கே பேத்தி நீச்சல் உடையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு குளத்தோரம் உட்கார்ந்து, "அப்பாயி, இப்ப இறங்கட்டா?" என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் இருமினாள். வறண்ட இருமல்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று குழாயை எடுத்தேன். ஒன்று. மனசு நிற்கவில்லை. ஏன் என்று தெரியாமலே இன்னொரு குழாயில் குடிக்கிற தண்ணீரை எடுத்தேன், மருந்து விடாமல். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் வெளிர் மஞ்சளாகத்தான் தெரிந்தது. சுவரில் இருந்த வெள்ளை டைலைப் பார்த்தேன். அது சந்தனமாக இருந்தது. என் புடவையைப் பார்த்தேன். வெள்ளை என்றுதான் காலையில் எடுத்துக் கட்டியிருந்தேன்.

கண்ணில் புரை என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. "படிக்க முடிகிறது, போதும்" என்று தள்ளிப்போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. எழுபத்து நாலு வயதில் என் கண்ணை யாரும் சந்தேகப்படக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

மகனை அழைத்து "நீ பார்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மருமகளைக் கூப்பிட்டேன். குழாயையும் நிற அட்டையையும் கையில் கொடுத்து, "நீ பார். என்னிடம் சொல்லாதே. கையில் எழுது" என்றேன். நானும் எழுதினேன். ஒன்று.

"திற" என்றேன். என் கை விரிந்தது. அவள் கை விரியவில்லை. என் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு மூடிய கையை மெல்லப் பின்னால் கொண்டுபோய்ப் புடவையில் தேய்த்தாள். என் எண்ணோடு ஒத்துப்போவதற்காக அவள் எண்ணை அழிக்கிறாள்.

அந்த நொடியில் நான் நின்றது இந்த வீட்டுக் குளத்தருகே இல்லை.

அன்று பட்டறை வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. துணி அன்று போகாவிட்டால் ஆர்டர் போய்விடும். அலசல் முடிந்ததும் நாம் இருவரும் எழுதினோம். நீ விரித்தாய், மூன்று. நான் விரித்தேன், ஒன்று. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ கையை மூடவில்லை. நீட்டியபடியே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஏட்டி, நீ குழாயப் பாத்தியா, லாரியப் பாத்தியா?" என்று கேட்டாய்.

நான் உன் விரல்களைப் பிடித்து மடக்கினேன். "இங்க முதலாளி யாரு?" என்றேன். இறங்கச்சொன்னேன்.

குண்டடம் ஊர்க்காரத் தொழிலாளி ஒருவர் இறங்கினார். இருபது நிமிடம் துணி வாரினார்; அடித்துணியில் வெளுப்புக் கரைசல் அலசாமலே தேங்கியிருந்தது. பிறகுதான், "காலு கொஞ்சம் எரியற மாதிரி இருக்குதுங்கம்மா" என்றார். தூக்கி வெளியே நிறுத்தியபோது முழங்கால்வரை தோல் வெந்து சிவந்திருந்தது. முன்பே வரப்பில் கிழித்துக்கொண்ட காயம் வேறு. நீ அவர் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சத்தம் போட்டாய்: "உங்க ஊர்ல ஊடு தீப்பிடிச்சாலும் கொஞ்சம் சூடா இருக்குதுங்கன்னுதான் சொல்லுவீகளோ?" வலியிலும் அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

மூன்று வாரத்தில் அவர் வேலைக்குத் திரும்பினார். காலில் திட்டுத்திட்டாய் வெளுத்த தோல் அப்படியே இருந்தது. நீயும் இரண்டு மாதம் இருந்தாய். ஆனால் அன்றிலிருந்து தனியாக இருக்கும்போதும் என்னை "மேடம்" என்றுதான் கூப்பிட்டாய். பிறகு ஊருக்குப் போய்விட்டாய். வருடாவருடம் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பினாய். நானும் எழுத்துப் பிழையில்லாமல் பதில் அனுப்பினேன். நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை.

நேற்று மருமகளின் கையைப் பிடித்தேன். அவள் விரல்கள் இறுகி இருந்தன. "திற கண்ணு" என்றேன். ஒவ்வொரு விரலாக நானே பிரித்தேன். பாதி அழிந்திருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. ஐந்து என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி.

"அட்டையில கடைசிக் கட்டமே அஞ்சுதானுங்க அத்தை. இது அதையும் தாண்டி ஆரஞ்சா இருக்குதுங்க."

"எப்போதிலிருந்து?"

"நேத்தே பார்த்தேனுங்க. நீங்க ஒண்ணுன்னு சொன்னீங்க. எனக்குத்தான் பார்க்கத் தெரியலையாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேனுங்க."

வாசலில் கார்கள் வந்து நின்றன. குழந்தைகள் துண்டும் பலூனுமாக ஓடிவந்தார்கள். அம்மாக்கள் மூன்று பேர் பின்னால் வந்தார்கள். பேத்தி எழுந்து படியில் கால் வைத்தாள். "கால் எடு" என்றேன். அந்தக் குரலை அவள் என்னிடம் கேட்டதில்லை. எடுத்துவிட்டாள்.

மகன் வந்தான். குளோரின் கூடியிருக்கிறது என்றேன். "என்னம்மா? எல்லாரும் வந்தாச்சு. காலைல ஓகேன்னு சொன்னீங்களே. கொஞ்சம் கூடுதலா இருந்தா என்ன ஆயிருமுங்க, ஒரு அரை மணி நேரம்தானே?"

தப்பிக்க இரண்டு வழி இருந்தது. மருந்தில் கோளாறு, சோதனைப் பெட்டி பழசு என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஊற்றியவள் மருமகள். நான் வாய் மூடிக்கொண்டாலே போதும், பழி தானாக அவள்மேல் போய் உட்கார்ந்திருக்கும்.

"எனக்குக் கண் தெரியவில்லை" என்றேன். அந்த அம்மாக்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "மஞ்சளும் வெள்ளையும் எனக்கு ஒன்றாகத் தெரிகிறது. ஐந்து நாளாகத் தப்பாக அளந்திருக்கிறேன். இவள் சரியாகப் பார்த்தாள். இன்று யாரும் இறங்கக்கூடாது."

பேத்தி அழுதாள். மகன் என்னைப் பார்த்தான், பிறகு மகளைப் பார்த்தான். போய்த் தோட்டத்துக் குழாயைத் திறந்து, ஹோஸைப் பிடித்துக் குழந்தைகள்மேல் பீச்சினான். கொஞ்ச நேரத்தில் அவள் அழுகையும் சிரிப்பாக மாறியது. அந்தச் சத்தத்தில் நான் உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

குளத்தை வெயிலுக்குத் திறந்துவிட்டிருக்கிறோம். இரண்டு மூன்று நாளில் குளோரின் இறங்கிவிடும். இன்று காலை மருமகள் குழாயை எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த முறை அவளும் என் மகனும் எழுதினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, "திறங்கள்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு கையிலும் ஐந்து. அவள் கையை ஒளிக்கவில்லை. கண் ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அன்று நான் குழாயைப் பார்க்கவில்லை. மருந்து விட்டு நிறம் ஏறுவதற்கு முன்பே எழுதிவிட்டேன். லாரியைத்தான் பார்த்தேன். நேற்றாவது கண் என்னை ஏமாற்றியது. அன்று என் கண் நன்றாகத்தான் இருந்தது.

இத்தனை வருடம் நான் சுமந்தது உன் மடங்கிய விரல்களை. நீ எதிர்க்கவில்லை, நான் மடக்கியபடி அவை மடங்கின. அவற்றின் கதகதப்பு இன்னும் என் கையில் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் கையைக் கழுவுவேன். அதற்கு முன் ஒருமுறை விரித்துக் காட்டுகிறேன், பெரிய சிஸ்டருக்கு இல்லை, உனக்கு.

இதோ என் கை. ஒன்று என்று எழுதியிருக்கிறது, ஏட்டி. தப்பு.