தானாக நின்றுபோகும் ரிசீவர்

ஞாயிறு, இரவு

ஹோம் தியேட்டர் ரிசீவர் இன்றும் பாட்டின் நடுவே தானாக நின்றுபோனது. நான் வேலைக்குப் போயிருக்கும்போதெல்லாம் இப்படி நிற்கிறது என்று மனைவி சுதா சொல்லிக்கொண்டே இருந்தாள். போன வாரமே பிளக்கை மாற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி மறுபடி முறுக்கி மாட்டினேன். காற்றுப் படட்டும் என்று அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

இன்று மாங்காடு கோயிலுக்குப் போய்விட்டு வந்து லிஃப்டை விட்டு இறங்கியதுமே எங்கள் வீட்டுப் பாட்டு காதைப் பிளந்தது. கதவைத் திறப்பதற்குள் நின்றுவிட்டது. ரிசீவரைத் தொட்டேன், கை சுட்டது. வால்யூம் கடைசி வரை திருகியிருந்தது.

"ஏம்மா இவ்ளோ சத்தமா வைக்கிற? அதான் சூடாகி நின்னுடுது."

"சத்தமா? புல்லாங்குழலே கேக்கலையேங்க."

சொன்னவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள்.

"கிளாஸ்ல ஒரு பொண்ணு சுருதி விலகிப் பாடுதாம். அவங்க அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நாளை பூந்தமல்லியில் காது டாக்டரிடம் போகலாம் என்றேன். தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ரிசீவர் ஆறியதும், எனக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தம் வைத்துப் பாட்டைப் போட்டேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததும் வந்தது. நிற்கவேயில்லை.

சுதா எட்டிப் பார்த்தாள். "மறுபடியும் நின்னுடுச்சாங்க?"

பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆமாம் என்றேன். அவள் உள்ளே போனதும் நானே அணைத்தேன்.