கேப்டன் முடுக்கிய போல்ட்

கேப்டன் ஐயாவுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. படகுச் சாவியைத் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது. சின்னவளோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

குடையை எடுக்கப் படகுக்குப் போனோம். "அம்மா, அப்பா முடுக்கின போல்ட் கையோட வந்துடுச்சு" என்று சின்னவள் நீட்டினாள். எஞ்சினைத் தாங்கும் நீளக்கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். நனைந்த ரொட்டியில் இறங்குவதுபோல் பிடிவரை இறங்கியது. போல்ட் தளர்ந்த ஒவ்வொரு தடவையும் நீங்கள் இன்னும் பெரியதாகப் போட்டு ஓட்டையைத்தான் வளர்த்திருக்கிறீர்கள். "நீ ஒரு பக்கமா உக்கார்றதாலதான் படகு ஆடுது" என்று என்னை இடம் மாற்றி மாற்றி உட்கார வைத்தீர்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எனக்குப் புரியாதது வேறு. அந்தக் கட்டைக்கு மட்டும் புது பெயிண்ட். உளுத்தது தெரியாமல் அடித்தீர்களா, தெரிந்தே அடித்தீர்களா? தெரியாதென்றால் இத்தனை வருஷம் யாரை நம்பிப் படகில் ஏறினேன்? தெரியுமென்றால், ஞாயிற்றுக்கிழமை சின்னவளை ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தீர்களே. எது தேவலை என்று யோசித்து யோசித்து எனக்கே குழம்பிவிட்டது.

சாயங்காலம் தச்சர் வருவார். எஞ்சினைத் தூக்கிவிட்டுத்தான் கட்டையை மாற்ற முடியுமாம். டீ கொடுங்கள், பாடம் எடுக்காதீர்கள்.

முதுகுக்குத் தைலம் தலையணைக்குப் பக்கத்தில்.

இன்னொன்று: ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கவில்லை, குத்தியபடியே நிற்கிறது. போய்ப் பார்த்துவிட்டு போன் பண்ணுங்கள். தெரியுமா, தெரியாதா, அதை மட்டும் சொன்னால் போதும். எந்தப் பதில் வந்தாலும் இரவு சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். சாவி மட்டும் வராது.