காப்புக் கட்டியவனுக்குக் கப்பல் எதற்கு

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. நீயும் உன் ஜெர்மனிக் குளிரும் ஒருவரை ஒருவர் அனுசரித்துச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிடச் சுகம், கோபமாக இருக்கும்போது அவளுக்கு மூட்டுவலி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதை நான் விளாங்குடி வீட்டிலிருந்து எழுதவில்லை. கீழக்குயில்குடியில் உன் சித்தப்பா ஆண்டிச்சாமி வீட்டில், மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், பக்கத்தில் எருமை அசைபோடுகிறது, உன் அம்மாவைவிட அதுதான் இப்போது என்னிடம் அன்பாக இருக்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பேசினால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் நான் இன்னும் நாலு கதை விடுவேன், சொல்ல வந்த விஷயம் அப்படியே நின்றுபோகும். அதனால் எழுதிவிடுகிறேன், சித்தப்பா படம் பிடித்து அனுப்புவான். அப்பா வரவில்லை என்றால் பயணத்தையே ரத்து செய்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாமே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நீ பொங்கலுக்கு வரைபடம் அனுப்பியதிலிருந்தே நான் பாதி நார்வேக்காரன் ஆகிவிட்டேன். ஹாம்பர்க்கில் காரை எடுத்து, டென்மார்க்கைக் கடந்து, காரோடு கப்பலில் ஏறி நார்வேயில் இறங்கி, அப்புறம் ரோடு கடலில் போய் முடிகிற இடத்திலெல்லாம் மறுபடி காரோடு படகில் ஏறிப் பெர்கன் வரைக்கும் போகலாம் என்று நீ எழுதியிருந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரோடு முடிஞ்சுபோச்சுன்னா திரும்பி வர வேண்டியதுதான, எதுக்குத் தண்ணிக்குள்ள எறங்கணும் என்று கேட்டாள். அவளுக்கு வேண்டாமாம், நான் மட்டும் போய்வரலாமாம், அவள் கோழிகளைப் பார்த்துக்கொள்வாளாம். நீதான் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேருக்குமே டிக்கெட்டும் விசாவுக்குத் தேதியும் வாங்கி வைத்தாய். நான் விடுவேனா, டீக்கடையில் ஒரு மாதம் இதே பேச்சுத்தான். கப்பல் வாயைத் திறக்கும், நான் காரை உள்ளே விடுவேன் என்று கையை விரித்துக் காட்டினேன். டீ மாஸ்டர் சோணை ரொம்ப மரியாதையாக, அண்ணே, உள்ள போனப்புறம் நீங்களும் காரை ஓட்டி அவனும் கப்பலை ஓட்டுனா எங்கண்ணே போயிச் சேருவீங்க என்று கேட்டான். அன்றைக்கு எனக்கு டீ இறங்கவில்லை. அந்த ஊரில் வலது பக்கம் ஓட்ட வேண்டுமே என்று ஒருநாள் காலையில் விளாங்குடியிலிருந்து கோரிப்பாளையம் வரைக்கும் ரோட்டுக்கு வலது பக்கமாகவே ஓட்டிப் பழகினேன். ஒருத்தர்கூட என்னவென்று கேட்கவில்லை. எனக்குப் பின்னாலேயே இரண்டு ஆட்டோவும் ஒரு தண்ணீர் லாரியும் நம்பி வந்தன.

வினை அங்கேதான் பிடித்தது. கோரிப்பாளையம் சிக்னலில் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நிற்கும்போது உன் போன் வந்தது. நீ இப்போது சனிக்கிழமைதோறும் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாய், பெருமையாகத்தான் இருக்கிறது, அதற்காகப் பெற்ற அப்பனிடமும் பாடப்புத்தகம் மாதிரியே பேச வேண்டுமா தாயி. இன்சூரன்ஸ் என்று சொல்லியிருந்தால் அத்தனை ஹாரனுக்கு நடுவிலும் எனக்கு விளங்கியிருக்கும். நீ காப்பீடு என்றாய். பஸ்காரன் ஹாரனை அமுக்கியதில் ஈடு போய்விட்டது, எனக்குக் கேட்டதெல்லாம், காப்பு கட்டிருங்கப்பா, கட்டாம எல்லையத் தாண்ட விடமாட்டாங்க என்பதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாரேன், அத்தனை தூரம் போயும் பிள்ளைக்கு நம்ம அம்மன் நினைப்பு இருக்கிறது, கடல் தாண்டுகிற காரியம், சாமி துணை கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நம்ம ஊர் கீழக்குயில்குடியில் அம்மன் திருவிழா சாட்டியிருந்தார்கள். நேரே அங்கே போய், பூசாரி பேயாண்டி அண்ணன் முன்னால் கையை நீட்டி, மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்துக் காப்பு கட்டிக்கொண்டேன். கட்டி முடித்ததும் அவர், பரவால்லப்பா, இந்தத் தடவையாச்சும் வந்து கட்டுனியே, தீச்சட்டிதான, இனி காப்பு அவுக்குற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டாம சுத்தபத்தமா இரு என்றார். நீ கட்டாவிட்டால் எல்லை தாண்ட முடியாது என்றாய், இவர் கட்டினால் எல்லை தாண்டக் கூடாது என்கிறார். நான் திருவிழாவுக்குப் போவது கிடாக்கறி போடுகிற அன்றைக்கு மட்டும்தான் என்பது ஊருக்கே தெரியும், இந்த விதியெல்லாம் சாமியாடிகளுக்கு என்றுதான் இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். ஒரு சின்ன வேலை, மெட்ராஸ் போய் விசாவுக்கு ரேகை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அம்மனுக்கு மெட்ராஸும் ஒண்ணு, பக்கத்துல இருக்குற நாகமலையும் ஒண்ணு என்றுவிட்டார். காப்பை அவிழ்க்கலாம்தான், அப்புறம் இந்த ஊரில் எந்த ஆட்டுக்குச் சளி பிடித்தாலும் என் மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள். விசாவுக்கு அடுத்த தேதி கேட்டால், உன் முதல் கப்பல் கிளம்பிப் போன பிறகுதான் கிடைக்கிறது.

அன்று சாயங்காலம் அம்மா வந்தாள். ஊருக்குள் வரவில்லை, வந்தால் திட்ட முடியாதாம், சாமிக்குக் கட்டியவனைத் திட்டக் கூடாதாம். அதனால் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் நின்ற என்னை அரைமணி நேரம் கூப்பிட்டுத் திட்டினாள். ஆடு ஓட்டி வந்தவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். திட்டி முடித்து, மூச்சு வாங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, சரி, நீங்க தீச்சட்டி எடுங்க, நான் போறேன் என்றாள். எங்கே என்று கேட்டேன். மெட்ராஸுக்குத்தான், பிள்ளை லீவு போட்டு எல்லாத்தையும் கோத்து வச்சிருக்கா, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் போகலைன்னா அவ முகம் வாடிப்போகும் என்றாள். தாயி, கோழியைக் காரணம் சொல்லிக் கொடைக்கானலுக்கே வர மறுக்கிறவள், நீ சொன்ன இன்சூரன்ஸையும் கட்டிவிட்டுத் தனியாக ரயில் ஏறினாள். நேற்று திரும்பி வந்து, அதே கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கதை சொன்னாள். ரேகை வைக்கிற இடத்தில் இருந்த பெண், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டாளாம். சுற்றிப் பார்க்க என்று சொல் என்று நான் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தேன். இவள், எம்மக கார் ஓட்டுவா, நான் பக்கத்துல உக்காரப் போறேன் என்றிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம். இதைச் சொல்லும்போது உன் அம்மா முகத்தைப் பார்த்தேன், அப்படி ஒரு பவுசு, கல்யாணத்தன்றுகூட என்னைக் கட்டிக்கொண்டதற்கு அவள் இம்புட்டுப் பூரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், எதையும் ரத்து செய்யாதே. அடுத்த வருசம் எல்லாரும் சேர்ந்து போகலாம் என்கிறாய். அடுத்த வருசம் உன் அம்மா மறுபடி கோழிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள், இந்த வேகம் அவளுக்கு இன்னொரு முறை வராது. எனக்காக இரக்கப்படாதே, நான் வந்தால் என்ன செய்வேன், வழி நெடுக உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வருவேன், படகில் ஏறியதும் கரை எப்போது வரும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், எனக்குத் தொட்டித் தண்ணீரைக் கண்டாலே பயம் என்று உனக்கே தெரியும். ஊரில் நார்வே போகிறேன் என்று பீற்றிக்கொண்டவன் தீச்சட்டியோடு தெருவில் வரும்போது நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சோணை முன்வரிசையில் நின்று பார்க்கப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். என் ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்து செய்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்து, அம்மாவுக்கு வண்டியில் குமட்டும், எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். இன்னொன்று மறக்காதே. நம் காரில் எதிரே லாரி வந்தால் அலறுவாள் என்று நான் அவளைப் பின்னாலேயே உட்கார வைத்துப் பழக்கிவிட்டேன். நீ முன்னால் உட்கார வை. கப்பல் வாயைத் திறந்து நீ காரை உள்ளே விடும்போது கட்டாயம் அலறுவாள். அந்த நேரம் எனக்குப் போன் போட்டு அவள் மடியில் வைத்துவிடு, நீங்கள் இருவரும் பேச வேண்டாம், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மனும், நான் சுமக்கப்போகும் நெருப்பும் உங்கள் இருவருக்கும் துணையிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் அப்பா,
சிவனாண்டி,
கீழக்குயில்குடி எல்லைக்கு உள்ளேயிருந்து.