டியூபில் நான் போட்ட வளைவு

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, என்னோடு ஒட்டிக்கொண்ட யூரின் பை, மூவரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குட்டிக்கு இருமல் விட்டதா என்று மறக்காமல் சொல். போனில் பேசினால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்? நான் வாயைத் திறப்பதற்குள் பொரிந்து தள்ளிவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான்.

முதலில் அன்றைக்கு வந்த காய்ச்சலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அம்மா உன்னிடம் மழுப்பியிருப்பாள். உன் சித்தப்பா என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். பையிலிருந்து வாடை வருகிறதோ என்று எனக்கு ஒரே சந்தேகம். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாள், நான் கேட்டால்தானே. காலமெல்லாம் வாஷ்பேசினுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவனுக்குப் புத்தி எங்கே போகும்? பேசினுக்குக் கீழே குழாயை வளைத்து விடுவோம் இல்லையா, அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் சாக்கடை நாற்றம் மேலே ஏறாது. அதே கணக்கில் பைக்குப் போகும் டியூபை அழகாக வளைத்துத் தொடையோடு டேப் போட்டு இறுக்கிவிட்டேன். சித்தப்பா வந்து காபி குடித்துவிட்டுப் போனான், எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சாயங்காலம் அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது, பையில் ஒரு சொட்டு இறங்கவில்லை, அப்புறம் உடம்பு தூக்கிப் போட்டது, அம்மாவையே நீங்க யாரு என்று கேட்டேனாம். அந்த நேரம் பார்த்து நீ போன் செய்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடும்மா, யோசிக்காதே என்று கத்தினாய். உன்மேல் தப்பே இல்லை, அன்றைக்கு அதுதான் சரி. ஆஸ்பத்திரியில் டேப்பை வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், பிழைத்தேன். ஆனால் அங்கே இருந்தவரை அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், எனக்கு அது தாங்கவில்லை. பயத்தில் குழந்தை மாதிரி அழுதேன், இதை நான் சொல்லாமல் வேறு யார் உனக்குச் சொல்வார்கள்.

வீட்டுக்கு வரும் நர்ஸம்மா விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார், அப்புறம் பிடித்தார் பாரு ஒரு பிடி. ஐயா, இது பேசின் இல்ல, உங்க உடம்பு, வளைச்சா உள்ளுக்குத்தான் திரும்பும், அப்புறம் கிருமிக்குக் கொண்டாட்டம் என்றார். இடுப்புக்குக் கீழேதான் பை தொங்கணும், ஆனா தரையில படக்கூடாது, டியூப் எங்கேயும் மடங்கக்கூடாது, தொடும் முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டுக் கை கழுவணும், பை நிரம்பி வழியும்வரை காத்திருக்கக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்று மறுபடியும் முதலிலிருந்து பாடம். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஊருக்கெல்லாம் குழாய் மாட்டின மனுஷனுக்குத் தன் குழாயைப் பார்த்துக்கத் தெரியல என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்குகிறாள். இப்போது அவள்தான் எனக்கு மேஸ்திரி, நான் கையாள். கை கழுவினீங்களா, காட்டுங்க பார்ப்போம் என்று நிற்கிறாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது, படித்துக்கொண்டே அழாதே. புற்று எலும்புக்கு இறங்கிவிட்டது, இனி வைத்தியம் அதை விரட்டாது என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். நர்ஸம்மா நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஐயா, இந்தத் தடவை சரியாயிடுச்சு, சரியாகாத மாதிரி ஒண்ணு வந்தா உங்களுக்கு எப்படி வேணும், தெளிவா இருக்கும்போதே பேசி வச்சுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். அம்மா உடனே பால் பொங்குது என்று எழுந்து போய்விட்டாள். நான் சொன்னேன், டியூப் அடைத்தாலும் காய்ச்சல் வந்தாலும் மருந்தில் தீரும் என்றால் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா. ஆனால் உடம்பு மொத்தமாகக் கையை விரிக்கும்போது மெஷினில் மாட்ட வேண்டாம், நெஞ்சைப் போட்டு அமுக்க வேண்டாம். இங்கேயே முன்னறையில், ஜன்னலோரம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவள் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும் சத்தம் என் காதில் விழட்டும், அது போதும். வலிக்கான மருந்தை முன்கூட்டியே வீட்டில் வாங்கி வைக்க நர்ஸம்மா ஏற்பாடு செய்வாராம், எந்த நேரம் கூப்பிட்டாலும் ஆள் வருமாம், எனக்கு மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாமாம். எல்லாவற்றையும் எழுதி டாக்டருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டார்.

நான் பேச முடியாமல் கிடந்தால் யாரைக் கேட்பது என்றும் கேட்டார். உன்னைச் சொன்னேன். அம்மா பாவம், என் முகத்தைப் பார்த்தால் உருகிவிடுவாள். முன்னறைக்குக் கட்டிலை மாற்றலாம் என்றதற்கே வர்றவங்க எல்லாம் பார்ப்பாங்க என்று சாக்குச் சொல்லி ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றினால் நான் போய்விடுவேன் என்று அவளுக்குப் பயம், எனக்குத் தெரியாதா. நீ போனமுறை வந்தபோது ஃபிரிட்ஜில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய ஆம்புலன்ஸ் நம்பரைத்தான் அவள் தினமும் பார்க்கிறாள். அதனால் அந்த நேரம் வரும்போது அவள் உனக்குத்தான் போன் செய்வாள், நீ என்ன சொல்கிறாயோ அதைத்தான் செய்வாள். புது வீட்டுக்குக் குழாய் மாட்டினால், மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரைக் கூட்டிப்போய்க் காட்டாமல் நான் கிளம்பியதே இல்லை. தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்போது தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. உனக்கும் காட்டிவிட்டேன். எதிலும் என்னோடு ஒத்துப்போகாதவள் நீ, உன் வாய்க்குப் பயந்து கடைக்காரன்கூட விலையைக் குறைப்பான். இந்த ஒரு தடவை என் பக்கம் நின்று பேசு கண்ணு. தூரத்தில் இருந்துகொண்டு அப்பாவுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று நீ மருகுவது எனக்குத் தெரியும். நீ செய்யவேண்டியது இதுதான், வேறு யாராலும் முடியாது.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே, தண்ணீர் குடி, சொல்வது யார் பார்.

இப்படிக்கு,
உன்னோடு சண்டை போட்டே பழகிப்போன
அப்பா

அம்மாடி, இது அம்மா. கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் பாலே இல்லை. உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலையில் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக் கட்டிலை ஜன்னலோரம் போட்டாகிவிட்டது. ஃபிரிட்ஜில் நீ ஒட்டின நம்பரைக் கிழிக்கவில்லை, அதற்கு மேலே நர்ஸம்மா நம்பரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் போன் செய்யும்போது மட்டும் நீ கத்தாதே. எந்த நம்பர் என்று மெதுவாகச் சொல்லு, நான் போடுகிறேன்.