கூடைக்குள் வெந்த சோறு

மஸ்கெலியா

அன்பு மகள் தனுஜாவுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த ஜோர்தான் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். போனில் சொல்லலாமே என்பாய். சொல்ல விட்டால்தானே, நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். நம் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு நாகலெட்சுமியின் மகள் உங்கள் தையல் பெக்டரிக்கே வருகிறாள், இதை அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன காஸ் அடுப்புக்கு உன் அம்மா மஞ்சள் குங்குமம் வைத்து, பழைய சேலையைப் போர்த்தி, மூலையில் உட்கார வைத்துவிட்டாள். சமையல் எல்லாம் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய தேயிலை மிலாறுக் குச்சிகளில்தான். இந்த மழைக்கு அது எரியவா செய்யும், காம்பரா முழுக்கப் புகை. அவளுக்கு மூச்சிழுப்பு முற்றிப்போய் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். புகைப் பக்கமே போகக் கூடாது, போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டரம்மா சொன்னார். சரிங்க சரிங்க என்று தலையாட்டியவள் வீட்டுக்கு வந்ததும் ஊதாங்குழலைத் தேடுகிறாள்! கேட்டால் காஸ் முடிஞ்சிரும் என்ற ஒரே பதில். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

போன கிழமை அவள் கொழுந்தெடுக்கப் போனதும் களவாகக் காஸைப் பற்றவைத்துச் சோற்றுப் பானையை ஏற்றினேன். உலை கொதித்து அரிசி பாதிகூட வேகவில்லை, மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கை மறந்துவிட்டேன் என்று வாசலுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கிறது. பதறிப்போய் அடுப்பை அணைத்து, பானையை மூடியோடு அவளுடைய பழைய கொழுந்துக் கூடைக்குள் இறக்கி, கம்பளியைச் சுற்றி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கோயில் பக்கம் நழுவிவிட்டேன். பகல் சாப்பாட்டுக்கு வந்தவள் அடுப்பு குளிர்ந்து கிடப்பதைப் பார்த்து என்னை லயமே கேட்க ஏசிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் கூடையைத் திறந்தேன். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, ஆனால் நன்றாக வெந்து ஆவி பறந்தது!

பார்த்தியா, இப்படிச் செய்தால் காஸ் எவ்வளவு மிச்சம், இதற்குப் போய் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டாயே என்று கத்தினேன். அவள் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். காஸ் தீரத் தீர நீங்க புள்ளகிட்ட சொல்லுவீங்க, அது இன்னும் ரெண்டு வருசம்னு கையெழுத்துப் போட்டுட்டு அங்கேயே கெடக்கும், அதுக்குத்தான் இந்தப் பொகையத் தின்னேன் என்றாள். கூடையிலிருந்த சோற்றை நானே அவளுக்குப் போட்டுக் கொடுத்தேன் மகளே.

இப்போது எல்லாம் கூடைதான். பருப்பை முதலிலேயே ஊறப்போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, அணைத்துக் கம்பளிக்குள் வைத்துவிடுகிறோம். சோத்துக்கும் குளிருதாக்கும் என்று நாகலெட்சுமி கேலி செய்தாள், மறுநாளே அவள் வீட்டுப் பானைக்கும் கம்பளி வந்துவிட்டது. அடுப்பு எரியாததால் காம்பரா குளிர்கிறதுதான், அதற்கென்ன, இரண்டு சுவெட்டர் போட்டுக்கொள்கிறோம். இன்று காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது உன் அம்மா கோயில் மேட்டை நிற்காமல் ஏறினாள், கூடப்போன எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

திரும்பக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டாயே, உனக்கு அங்கே மனசுக்குப் பிடித்திருந்தால் போடு. எங்கள் அடுப்புக்காகப் போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, தலைவலியோடு மெஷினில் உட்காராதே. எந்தக் குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

வருவதானால் முன்கூட்டியே சொல்ல மறக்காதே. முன்பெல்லாம் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். இனிமேல் பானையைக் கூடைக்குள் வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேருமே ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவோம், உன்னைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது சோறு சூடாகவே இருக்கும்.

உன் அப்பா,
ஜீவராஜ்